நாற்பது என்ற எண்ணும் துரு படிந்த வடிகட்டியும்

பழைய அணு உலைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் வயசைத்தான் பிடிச்சுக்கிறாங்க. "நாற்பது வருஷம் ஆச்சு, மூடு" என்பது ஒரு கட்சி. "அறுபது வருஷத்துக்கு உரிமம் கொடுத்தாச்சு, கவலைப்படாதே" என்பது மறு கட்சி. ரொம்ப நாள் நானும் முதல் கட்சிதான். டேவிஸ்-பெஸ்ஸி கதையைப் படித்த பிறகு இரண்டிலும் நம்பிக்கை போய்விட்டது.

முதலில் அந்த நாற்பது. அது அமெரிக்காவின் 1954-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தில் வந்த உரிமக் காலம். முதலீடு, ஏகபோகத் தடுப்பு போன்ற கணக்குகளை வைத்துப் போட்ட எண். இரும்பு இத்தனை வருஷம்தான் தாங்கும் என்று சோதித்துச் சொன்னதல்ல. பிறகு அந்த எண்ணை மனதில் வைத்துச் சில பாகங்களை வடிவமைத்தார்கள் என்பதும் உண்மைதான்.

இப்போ டேவிஸ்-பெஸ்ஸிக்கு வருவோம். ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. 1978-இல் வணிக உற்பத்தி தொடங்கியது. 2002 மார்ச்சில், அதாவது கால் நூற்றாண்டு கூட ஆகாத உலையில், அழுத்தக் கலனின் மூடியில் ஒரு பெரிய குழியைக் கண்டார்கள். கட்டுப்பாட்டுத் தண்டு நுழையும் குழாயில் விரிசல். அதன் வழியாகக் கசிந்த நீரில் போரிக் அமிலம் இருந்தது. நீர் ஆவியாகிப் போக, தங்கிய அமிலம் சுமார் 16 செ.மீ. தடிமனுள்ள எஃகை அரித்துத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது உட்பூச்சாக இருந்த துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டும். ஏறத்தாழ 1 செ.மீ. தடிமன். 150 வளிமண்டல அளவுக்கு நெருக்கமான அழுத்தத்தை அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது!

இது திடீர்னு வந்ததில்லை. கட்டடத்துக்குள் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளின் வடிகட்டிகள் துருத்தூளால் அடிக்கடி அடைத்துக்கொண்டன. மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். 2000-இல் எடுத்த புகைப்படத்தில் மூடியிலிருந்து செந்நிறத்தில் அமிலப் படிவு வழிந்திருப்பது தெரிகிறது. 2001-இல் வேறு உலைகளில் இதேபோல விரிசல் தெரிந்ததும், ஆண்டு இறுதிக்குள் சோதிக்கச் சொன்னது ஒழுங்குமுறை ஆணையம். நிறுவனம் பேரம் பேசி 2002 பிப்ரவரி 16 வரை ஓட்ட அனுமதி வாங்கியது. அந்த முடிவில் நிறுவனத்தின் நிதி நஷ்டத்தைக் குறைக்கும் எண்ணம் பெரும்பங்கு வகித்தது என்று ஆணையத்தின் சொந்தத் தலைமை ஆய்வாளரே பின்னர் எழுதினார். ஆணையத்துக்குப் பொய்த் தகவல் தந்ததற்காக 2006-இல் நிறுவனம் 2.8 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இங்கே வயசு எங்கே வருது சொல்லுங்க? கட்டி முடிக்காமல் விட்ட வேறொரு மின்நிலையத்திலிருந்து மூடி வாங்கிப் பொருத்தி, 2004-இல் உலையை மீண்டும் ஓட்டினார்கள். ஆறே வருஷம். 2010-இல் அந்த மூடியின் குழாய்களிலும் விரிசல். ஆனால் இந்த முறை எரிபொருள் மாற்ற நிறுத்தியபோது ஒழுங்காகப் பார்த்தார்கள், கண்டுபிடித்தார்கள், 2011-இல் புது மூடி போட்டார்கள். 2015-இல் உரிமம் 2037 வரை நீண்டது.

மூடியை மாற்றலாம். அழுத்தக் கலனை மாற்றுவது நடைமுறையில் ஆகாத காரியம். நியூட்ரான் அடிபட்டு அடிபட்டு அந்த எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆகவே வயசே பொருட்டில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கலனுக்குள் மாதிரித் துண்டுகளை வைத்து, அவ்வப்போது எடுத்து உடைத்துப் பார்த்துத்தான் அதன் நிலையை அறிகிறார்கள். அங்கேயும் விஷயம் பார்ப்பதில்தான் இருக்கிறது.

அதனால, ஆயுள் நீட்டிப்புச் செய்தி எதைப் படித்தாலும் இப்போ நான் தேடுவது இரண்டு கேள்விக்கான பதிலைத்தான். கடைசியாக எந்தெந்த இடத்தை நேரில் பார்த்தார்கள்? சோதனைக்காக நிறுத்து என்று ஒரு பொறியாளர் சொன்னால், நஷ்டக் கணக்கைக் காட்டி அந்தத் தேதியைத் தள்ளிப்போட யாரால் முடியும்? இதற்குப் பதில் இல்லாத அறிக்கை நாற்பது என்றாலும் அறுபது என்றாலும் எனக்கு ஒன்றுதான்.