வாவிக்கரைக்கு எந்தக் கத்தி?

வேட்டைக் கத்தி என்று சொல்லி விற்கப்படும் கத்திகளுக்கு மட்டக்களப்பில் வேட்டை இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது, காக்கத்தான் வேண்டும். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள்கூட இன்று வாவியையும் கடலையும் நம்பித்தான் வாழ்கிறார்கள். ஆனால் மற்ற நாட்டு வேட்டைக்காரர் காட்டில் செய்வதும் நம் ஆட்கள் தோணியடியில் செய்வதும் ஒரே வேலைதான். வயிற்றைக் கீற வேண்டும், குடல் உடையாமல் எடுக்க வேண்டும், இறைச்சி கெடுவதற்கு முன் கழுவி வைக்க வேண்டும். அதனால்தான் வெளிநாட்டில் மலிவென்று பெயர் வாங்கிய வேட்டைக் கத்தி ஒன்றை வாவி மீனில் போட்டுப் பார்த்தேன். அதோடு நம்மூர்க் கொல்லன் அடித்த கத்தி, பிரான்ஸ் நாட்டு மடக்குக் கத்தி, கடைத்தெருவில் பளபளவென்று தொங்கும் 'சர்வைவல்' கத்தி ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டேன். கல்லடியிலும் பாலமீன்மடுவிலும் கரையில் குந்தியிருந்து கொடுவா, ஓரா, கெளிறு, திலாப்பியா என்று கிடைத்ததையெல்லாம் வெட்டினேன்.

முதலில் சர்வைவல் கத்தி. முதுகில் வாள்பல், கறுப்புப் பூச்சு, உள்ளே கோறையான கைப்பிடி, அதன் மூடியில் ஒரு திசைகாட்டி. பார்க்கும் இளம்பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்காது. மீனில் வைத்ததும் அதன் குணம் தெரிந்துவிடும். செதில் சுரண்டுவதற்குக் கத்தியின் முதுகு வேண்டும், அந்த இடத்தில் இதற்கு வாள்பல் இருக்கிறது. தோல் கிழிந்து சதை கந்தலாகிறது. அழுத்திக் கீறும்போது பெருவிரலை முதுகில் ஊன்ற வேண்டும், அங்கேயும் அதே பல் குத்துகிறது. அலகு கைப்பிடிக்குள் நீளமாக இறங்கவில்லை, ஒரு சிறு திருகில்தான் நிற்கிறது. சற்று வலுவாகத் திருப்பினால் கழுத்து ஆடுகிறது. கறுப்புப் பூச்சு கீறுப்பட்ட இடமெல்லாம் மறுநாளே துரு. இதற்குக் கொடுக்கும் காசு வீண். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மடக்குக் கத்தி பிரான்சின் ஒப்பினெல் எண் 8. 1890இல் தொடங்கிய பழைய நிறுவனம். எட்டரைச் சென்ரிமீற்றர் அலகு, மரப்பிடி, அலகைப் பூட்டும் ஒரு வளையம். மெல்லிய அலகு என்பதால் ஓராவின் வயிற்றை அது திறக்கும் அழகே தனி. மாம்பழம் வெட்டவும் பாண் வெட்டவும் இதைவிட நல்ல கத்தி இந்த விலையில் கிடையாது. ஆனால் ஈரம் பட்டால் மரப்பிடி ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. திறக்க நகம் நோகும். மடியும் பள்ளத்துக்குள் செதிலும் இரத்தமும் போய் ஒட்டிக்கொள்கின்றன, குச்சி விட்டுக் கிளறினாலும் முழுக்கப் போகாது. வெயிலில் ஒரு பகல் கிடந்தால் நாற்றம். மீனுக்கு மடக்குக் கத்தி ஆகாது என்பது இந்த ஒரு கத்தியின் குற்றமில்லை. மடங்கும் எந்தக் கத்திக்கும் இதே கதைதான்.

மிச்சமிருக்கும் இரண்டும்தான் உண்மையான போட்டி.

சுவீடனின் மோரா ஊரில் செய்யப்படும் மோராக்னைவ் கொம்பானியன், உலகம் முழுவதும் வேட்டைக்காரரும் காட்டுப் பயணிகளும் மலிவு விலைக்காக வாங்கும் கத்தி. ஐரோப்பாவில் 20 யூரோ அளவில் கிடைக்கும். நம் வீடுகளுக்கு இது பெரும்பாலும் சுவிஸ், கனடா, லண்டன் உறவுகளின் பயணப்பெட்டியில்தான் வந்து சேரும். (கையில் கொண்டுவரும் பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், அனுப்பும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.) அலகு 104 மில்லிமீற்றர் நீளம், இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பு. கைப்பிடியில் றப்பர் போர்த்தியிருக்கிறது. பிளாஸ்டிக் உறை. துருப்பிடிக்கும் கார்பன் உருக்கிலும் துருவைத் தாங்கும் உருக்கிலும் இரண்டு வகையாக வருகிறது. நான் பார்த்தது இரண்டாவது வகை. வாவிக்கு அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பட்டறைக் கத்தி பழைய லொறியின் ஸ்பிரிங் பிளேட்டில் அடித்தது. ஸ்பிரிங் உருக்கில் கார்பன் ஏறக்குறைய 0.6 வீதம் இருக்கும், கத்திக்கு அது போதுமான அளவு. கொல்லர் அதைச் சிவக்கக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதம் விடுகிறார். பதம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அரத்தை அலகின் ஓரத்தில் மெல்ல இழுங்கள். அரம் வழுக்கினால் உருக்கு கடினமாகியிருக்கிறது. அரம் கடித்து உருக்கைத் தின்றால் அந்தக் கத்தியை வாங்காதீர்கள்.

இரண்டு கத்திகளையும் நன்றாக அளந்து பார்க்க வைத்தது கொடுவாதான். கொடுவாயின் செதில் பெரியது, தடித்தது. செவுள் மூடியின் ஓரம் சவர அலகு மாதிரி, பிடிக்கத் தெரியாத கையை வெட்டிவிடும். முதலில் கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்ட வேண்டும். மோராவின் முதுகு நேர்த்தியான கூர்விளிம்போடு இல்லை, செதில் சில இடத்தில் வழுக்கியது. பட்டறைக் கத்தியின் முதுகை அடித்தபடியே விட்டிருந்ததால் அது செதிலைப் பிடித்து இழுத்தது. பிறகு வயிறு. மலவாயில் நுனியை நுழைத்து, அலகின் வாயை மேலே பார்க்கத் திருப்பி, தோலை உள்ளிருந்து வெளியே கீறிக்கொண்டு செவுள்வரை போக வேண்டும். வாய் கீழே பார்த்தால் குடல் வெட்டுப்படும். பித்தப்பை உடைந்தால் சதை கசக்கும். மானின் வயிற்றைத் திறக்கும் வேட்டைக்காரருக்கும் இதே பாடம்தான். இந்த இடத்தில் மோரா அருமை. நுனி கூராகவும் அலகு குட்டையாகவும் இருப்பதால் சுட்டுவிரல் நுனிவரை எட்டுகிறது, நுனி எங்கே போகிறது என்று விரலுக்கே தெரிகிறது. நான் வாங்கிய பட்டறைக் கத்தி நான்கு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு. வயிற்றுத் தோலைக் கீறுவதற்குப் பதில் பிளந்துகொண்டு போனது.

பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனே, கத்தி மொத்தமா இருந்தா மீன் நாசம். கொல்லனுக்கிட்டக் கொண்டு போய் மெல்லிசாக்கித் தரச் சொல்லு." கொண்டு போனேன். இரண்டு பக்கமும் அரைத்து மெலிதாக்கி வாங்கியதும் அது வேறு கத்தியாகிவிட்டது. தடித்த கத்திதான் பலம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. முதுகெலும்பை வெட்டவும் தலையைப் பிளக்கவும் மன்னாக் கத்தி வீட்டில் இருக்கிறதே. மீன் துப்புரவுக் கத்திக்கு அந்த வேலையைக் கொடுப்பதால்தான் அலகின் வாய் பல் விழுகிறது. திலாப்பியாவின் விலா எலும்பே மெல்லிய வாயை மழுக்கப் போதும்.

இனி உப்பு. மட்டக்களப்பு வாவி கடலோடு முகத்துவாரத்திலும் தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கமும் சேர்கிறது. மாரி மழையில் வெள்ளம் இறங்கும்போது தண்ணீர் நன்னீராகிவிடும், கோடையில் உப்பு ஏறும். ஆகவே ஒரே கத்தி மார்கழியில் ஒரு விதமாகவும் ஆடியில் வேறு விதமாகவும் துருப்பிடிப்பதைக் காணலாம். துருவைத் தாங்கும் உருக்கு என்பதன் இரகசியம் அதில் கலந்திருக்கும் குரோமியம். குறைந்தது பத்தரை வீதம் இருந்தால் அது காற்றோடு சேர்ந்து அலகின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போடும். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். துருவைத் தாங்கும் கத்தியும் துருப்பிடிக்கும், சுணங்கித்தான் பிடிக்கும், அவ்வளவுதான். ஈரத்தோடு உறைக்குள் போட்டுவைத்த மோராவில் சில நாளில் ஊசிமுனைப் புள்ளிகள் வந்தன. பட்டறைக் கத்தி ஒரு இரவிலேயே செம்மஞ்சளாகிவிட்டது. ஆனால் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசிவைத்த இரவுகளில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாள்பட அலகின்மேல் சாம்பல் நிறம் படிந்தது. அது கேடில்லை, துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும்.

தீட்டுவதில் இரண்டும் நல்ல பிள்ளைகள். மோராவின் வாய் அகலமான ஒரே சரிவாக இறங்குகிறது, அந்தச் சரிவைக் கல்லில் முழுக்கப் படுக்கவைத்துத் தள்ளினாலே கோணம் தானாக அமையும். புதிதாகத் தீட்டப் பழகுபவருக்கு இதைவிட இலகுவான அலகு இல்லை. பட்டறைக் கத்தியை ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகை சாய்த்துத் தீட்டினால் போதும். கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் சில தரம் இழுத்தால் மழுங்கிய வாய் மீளும். தோணியில் இது பெரிய உதவி.

கைப்பிடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மீன் கொழுப்பும் சளியும் கையில் பட்ட பிறகுதான் கைப்பிடியைச் சோதிக்க முடியும். மோராவின் றப்பர் அப்போதும் வழுக்கவில்லை. முன்பக்கத்தில் ஒரு சிறு தடுப்பும் இருக்கிறது, விரல் அலகுக்கு ஓடாது. பட்டறைக் கத்தியின் வழவழப்பான மரப்பிடி வழுக்கியது. நைலோன் நூலை நெருக்கமாகச் சுற்றிய பிறகுதான் நம்பிப் பிடிக்க முடிந்தது.

கத்தி எதுவாயிருந்தாலும் ஓராவுக்கும் கெளிற்றுக்கும் முன்னால் கவனம் வேண்டும். ஓராவின் முதுகில் 13 முள், அடிப்பக்கத் துடுப்பில் 7 முள், எல்லாம் நஞ்சு. கெளிற்றுக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக அரம் போன்ற முள். முதலில் அவற்றைத் தறித்துவிட்டுத்தான் வயிற்றில் கை வைக்க வேண்டும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் விரலை வைத்திருங்கள், அந்த நஞ்சு சூட்டில் சிதையும். வலி குறையாவிட்டாலும் வீக்கம் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முடிவு இது. வார இறுதியில் தூண்டிலோடு போகிறவர், கத்தியைக் கழுவ மறக்கிறவர், வெளிநாட்டில் கேட்கக்கூடிய சொந்தம் உள்ளவர், துருவைத் தாங்கும் மோராவை வாங்கலாம், நெடுங்காலம் உழைக்கும். நாள்தோறும் மீனோடு இருப்பவருக்குப் பட்டறைக் கத்திதான். மழுங்கினால், முறிந்தால், பிடி கழன்றால் அடித்தவரிடமே கொண்டுபோகலாம், நம் கையின் அளவுக்கே பிடி போட்டுத் தருவார். கொல்லன் பட்டறைகளுக்கு நாம் வேலை கொடுத்தால்தான் அந்த வசதி நமக்கு நிலைக்கும். ஆனால் மேசையில் அடுக்கிவைத்திருப்பதில் ஒன்றை எடுத்து வராதீர்கள், சொல்லி அடிப்பியுங்கள். அலகு பத்துச் சென்ரிமீற்றர், முதுகுத் தடிப்பு இரண்டரை மில்லிமீற்றர், நுனி கூர், முதுகு விளிம்பு மழுங்காமல், பிடிக்கு முன்னால் விரல் தடுப்பு. இவ்வளவையும் ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள்.