பட்டியலில் காரணத்துக்கு இடமில்லை

மெல்லக் கற்போர் பட்டியலுக்கு இப்போது புதிதாக ஓர் ஆதரவு சேர்ந்திருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல், பின்தங்கியவர்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கும் 'திறன்' இயக்கம் வந்ததிலிருந்து, சென்னையின் தெற்கே சேலையூர், மேடவாக்கம் பக்கத்துத் தனியார் பள்ளிகளிலும் "அரசாங்கமே பிரித்துத்தானே சொல்லிக் கொடுக்கிறது" என்று பேசக் கேட்கிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்காகப் பொங்கலுக்குப் பிறகு தயாரான பட்டியல், இன்று ஆறாம் வகுப்பின் முதல் தேர்வு முடிந்ததுமே தயாராகிவிடுகிறது. பதினோரு வயதில் 'ஸ்லோ லேர்னர்' பட்டம் கிடைத்துவிடுகிறது.

பிரிப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை ஆறாம் வகுப்புப் பாடத்தின் முன் உட்கார வைப்பதுதான் கொடுமை. நிலையறிந்து சொல்லிக் கொடுத்தால் பலன் உண்டு. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய துணை வகுப்புகளை ஆராய்ந்து அதைக் காட்டிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணியில் தன் வேகத்தில் ஏறியது. மெதுவாக ஏறிய பிள்ளைக்குத் தனிப் பெயர் எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

பட்டியல் மீது என் குறை ஒன்றுதான். பட்டியலில் பெயர் இருக்கும், மதிப்பெண் இருக்கும், எந்தப் பாடத்தில் பின்தங்கல் என்று இருக்கும். ஏன் என்பது மட்டும் இருக்காது. காலியான அந்த இடத்தை பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஒரு வாக்கியம் நிரப்பும்: "மனசு வச்சா பண்ணுவான் மேடம், வைக்க மாட்டேங்கிறான்." மறு வாரம் டியூஷனில் ஒரு மணி நேரம் கூடும்.

அப்படிப்பட்ட ஒரு பையனின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் 68 என்று இருந்தது நோட்டில் 63 ஆகியிருந்தது; 5 இருந்த இடத்தில் 6. அந்தத் தப்பான எண்களை வைத்து அவன் போட்டிருந்த வகுத்தல் கடைசி மீதி வரைக்கும் சரி. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'கேர்லெஸ்'. உட்காருவது கடைசி பெஞ்சுக்கு முந்தைய பெஞ்ச். வைகை, பல்லவன் ரயில்கள் தாம்பரத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று எழுத எப்படித்தான் கை வந்ததோ. அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்காவது இதற்கு ஒரு வழி உண்டு. கண்ணொளி காப்போம் திட்டம் 2009இல் வந்தது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு மருத்துவக் குழுவை அனுப்புகிறது. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் அங்கே தரப்படுகிறது. பணம் கட்டிப் படிக்கும் பிள்ளையை ஒரு டாக்டர் பார்ப்பாரா என்பது அந்தந்தப் பள்ளியின் தயவு. வயதுக்கு வரும் பருவத்தில் ரத்தம் குறைந்து, மூன்றாவது பீரியடிலேயே தலை சாயும் பெண் பிள்ளையை 'டல்' என்கிறோம். 12 வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. அது சின்ன ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தூக்கத்தைக் கணக்குப் போடுங்கள். காலை 6.45க்கு வேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்று நின்று திரும்பி வர மாலை நாலரை. ஐந்தரையிலிருந்து எட்டு வரை டியூஷன், பிறகு ஹோம்வொர்க், சாப்பாடு, கொஞ்சம் போன் (அதையும் மறைப்பானேன்), படுக்கப் பதினொன்று. ஆறு முதல் 12 வயது வரை குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. இவர்களுக்கு ஏழுகூட இல்லை. இதற்கு மேல்தான் ஸ்பெஷல் கிளாஸ். மந்தத்துக்கு மருந்து என்று கொடுப்பதே மந்தத்தை வளர்க்கிறது.

இன்னும் ஆழமான காரணங்களும் உண்டு. 2015இல் வந்த 'பசங்க 2' ஏடிஹெச்டியைத் தமிழ் வீடுகளுக்கு அறிமுகம் செய்தது, ஆனால் அதில் வந்தவை ஓடியாடி வீட்டை இரண்டாக்கும் பிள்ளைகள். ஜன்னலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதே கவனக்குறைபாடு இருக்கலாம். அதனால் யாருக்கும் தொல்லையில்லை, ஆகவே யாரும் கேட்பதில்லை. டிஸ்லெக்சியா கதை இதைவிட மோசம். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக இதே நகரத்தில் இயங்குகிறது, நம் தெற்கே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு தேசிய நிறுவனமே இருக்கிறது. இருந்தும் பெற்றோர் சான்றிதழுக்கு அலைவது பத்தாம் வகுப்பில், தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் எழுத ஆளும் கிடைக்கும் என்பதற்காக. ஆறாம் வகுப்பில் குத்திய முத்திரைக்கு நான்கு வருஷம் கழித்துக் காரணம் தேடுகிறோம். பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு நடு வருஷத்தில் மாற்றப்பட்டு, பள்ளியும் சிநேகிதர்களும் ஒரே வாரத்தில் போன பிள்ளையின் மௌனத்துக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம், கேட்டாலே போதும்.

டீச்சருக்கு நேரம் எங்கே என்பார்கள். நாற்பத்தைந்து பேர் வகுப்பில் அது நியாயம்தான். பட்டியல் போட மட்டும் நேரம் கிடைக்கிறதே! சோம்பேறிப் பிள்ளையே கிடையாதா என்றும் கேட்பார்கள். எங்காவது இருக்கலாம். பதினோரு வயதில் நான் பார்த்ததில்லை.

காரணம் எழுதாத பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயரும் ஏறக்கூடாது என்பேன். பள்ளிகள் இதைச் சீக்கிரம் கேட்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை, அதனால் பெற்றோரிடம் சொல்கிறேன். பக்கத்து அரசு மருத்துவமனையில் கண்ணையும் ரத்தத்தையும் இலவசமாகப் பார்த்துவிடலாம். அடுத்த மீட்டிங்கில் "மனசு வைக்க மாட்டேங்கிறான்" என்று காதில் விழுந்தால், டியூஷனுக்குப் பணம் கட்டுமுன் "ஏன்னு பார்த்தீங்களா மிஸ்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.