கண்ணுக்குத் தெரியாத பள்ளம்

சென்னையின் தோட்டவீடுகளைச் சுற்றிப் பார்ப்பதும் அவற்றைப் பற்றி எழுதுவதும், 2004இல் சென்னை தினம் தொடங்கிய பிறகு ஒரு தனிச் சொல்லாடலாகவே வளர்ந்துவிட்டது. இந்தப் பிரதிகளுக்கெல்லாம் ஒரே இலக்கணம்தான்: கட்டின துரை யார், தூண் எந்த பாணி, விருந்துக்கு யார் யார் வந்தார்கள். அடையாற்றங்கரையில் 1790களில் பிராடி கோட்டை எழும்பியது என்பார்கள். கம்பெனி உத்தியோகஸ்தன் ஒருத்தனுக்கு அத்தனை பெரிய வீடு கட்டப் பணம் ஏது என்று கேட்க மாட்டார்கள். செடிக்குத் தண்ணி ஊற்றினவன் வாக்கியத்துக்குள் நுழைவதே இல்லை.

வடசென்னைக்கு இந்த வரைபடத்தில் கிடைப்பது ராயபுரம் ரயில் நிலையம், 1856. அதோடு சரி. எண்ணூர் கிடையாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சென்னை வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கப் போன இடம் எண்ணூர்தான். கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் அவர்களுக்கு வீடுகள் இருந்தன. நகரத்திலிருந்து எண்ணூர் வரை ஓடிய கால்வாய், கப்பற்படைக்கு உணவு சப்ளை செய்து பணம் குவித்த பேசில் காக்ரேன் 1806 வாக்கில் வெட்டுவித்தது. ஊருக்கு விறகும் உப்பும் வந்த வழி அது.

அந்தக் கால்வாயின் இன்றைய பெயரைத்தான் நாம் வாசிக்க வேண்டும். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் நிவாரண வேலைக்கு வந்த பட்டினி ஜனங்கள். 1877இல் டெம்பிள் என்கிற அதிகாரி நிவாரணக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசுமாகக் குறைத்தார். வெட்டினவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. கால்வாய் முழுவதற்கும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

இந்தப் பிரபுவின் பூர்வீக வீடு இங்கிலாந்தின் ஸ்டோவ் மாளிகை. 1744லேயே வழிகாட்டி நூல் போட்டு ஜனங்கள் சுற்றிப் பார்த்த தோட்டம் அது. அதன் புகழ்பெற்ற உத்தி ஒன்றுக்கு ஹா-ஹா என்று பெயர் (சிரிக்க வேண்டாம், நிஜப் பெயர்தான்). புல்வெளியின் விளிம்பில் ஒரு பள்ளம். அதன் சுவர் தரைமட்டத்துக்குக் கீழே மறைந்து நிற்கும். ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலியே இல்லாத மாதிரி, தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒன்று மாதிரி தெரியும். ஆனால் மாடு உள்ளே வர முடியாது. தோட்டம் விரிய விரிய ஸ்டோவ் கிராமமே காணாமல் போனது. மிஞ்சியது சர்ச் மட்டும்.

அயர்லாந்தில் இன்னொரு விதம். காஸில்டவுன் மாளிகையிலிருந்து தெரிகிற கானலியின் தூபி, 1740 பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே எழுப்பப்பட்டது. சும்மா அழகுக்கு நிற்கிற கல். அங்கே போகிறவர்களுக்குப் பஞ்சக் கதையாவது காதில் விழுகிறது. நம்ம ஊர் நடையில் கால்வாயைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

நடத்துகிறவர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல கட்டிடங்கள் எப்போதோ இடிந்திருக்கும். ஆனால் எது பாரம்பரியம், எது வெறும் இண்டஸ்ட்ரியல் ஏரியா என்று பிரிக்கிற பள்ளம் அவர்கள் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. தெற்கில் இருந்தால் தோட்டவீடு, வடக்கில் இருந்தால் குடோன். துரைமார் படகு விட்ட எண்ணூர்க் கழிமுகம் இன்று அனல்மின் நிலையங்களின் சாம்பல் சேறு. 1970இல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. சாம்பல் போகவில்லை. இறால் பிடிக்கிறவர்களுக்கு அந்தக் கழிமுகம்தான் பாரம்பரியம் என்று எழுத இந்தச் சொல்லாடலில் இடம் இருக்கிறதா?

2023 டிசம்பர் மழைவெள்ளத்தில் மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது, மீனவர்கள் படகில் போய் வாளியாலும் மக்காலும் அள்ளினார்கள். எண்ணெய் வந்தது பக்கிங்காம் கால்வாய் வழியாக.