பட்டியலும் கையும்

ரசனை பிறவியிலேயே வாய்ப்பது என்று ஒரு கட்சி. நாலு நல்ல புஸ்தகங்களின் பெயரைத் தெரிந்துகொண்டால் வந்துவிடும் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்குக் க.நா.சு.வைப் பொறுப்பாளியாக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 'படித்திருக்கிறீர்களா?' என்று ஐம்பதுகளில் அவர் கேட்டது கேள்விதான். கேட்டுக்கொண்டவர்கள் அதைப் பட்டியலாக்கிக் கொண்டார்கள். பட்டியல் கையில் இருந்தால் படிக்காமலே பேசலாம் என்பது அதில் ஒரு சௌகரியம். இன்றும் நம் வட்டத்தில் மௌனி பெயரைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் மௌனியின் இரண்டு கதைகளைச் சேர்ந்தாற்போல் படித்தவர்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியமில்லை.

க.நா.சு. காரணம் சொல்லமாட்டார். நல்லது, படித்துப் பார் என்பதோடு அவர் வேலை முடிந்தது. இது போதாது என்றுதான் செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து'வை ஆரம்பித்து, அலசல் விமர்சனம் என்று வரிக்கு வரி போய் நின்றார். ஆனால் தொடர்கதை தவிர வேறு எதுவும் கண்ணில் படாத வாசகனுக்கு, அலசுவதற்கு முன்னால் அலச வேண்டியது எது என்று ஒருவர் விரல் நீட்ட வேண்டியிருந்தது. க.நா.சு. நீட்டினார். ஹாம்சனையும் லாகர்லெவையும் லாகர்க்விஸ்டையும் தமிழில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நம் நாவல்களை எந்த உயரத்தோடு ஒப்பிட வேண்டும் என்று காட்டுவதற்கு அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அவிநாசியில் இருந்துகொண்டு இதைப் பற்றி யோசிக்கும்போது பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்டுப்போன கோடு எல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. நாளுக்கு நூற்றுக்கணக்கான பீஸ்கள் கையில் ஏறி இறங்கியதுதான் பாடம். ஏன் தள்ளினாய் என்று கேட்டால் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறார்கள். க.நா.சு. கை சொன்னதோடு நின்றார். செல்லப்பா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சில சமயம் துணி கிழியும்வரை.

எங்கள் பக்கத்து வாசகனுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942ல் வந்தது. க.நா.சு. விடாமல் சொல்லிவந்த நாவல்களில் ஒன்று. கொங்குக்காரன் அதை எடுத்தால் முதலில் அவனைப் பிடித்துக்கொள்வது பேச்சு. நம்ம ஊர்ப் பேச்சு, நம்ம ஊர்க் காடு, நம்ம ஊர்ப் பண்ணையம் என்று பூரித்துப் போகிறான். அடையாளம் கண்டுகொள்வது சந்தோஷம்தான். ஆனால் அது உறவுமுறை விசாரிக்கிற சந்தோஷம். புருஷனை இழந்தவள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். பக்கத்தில் கெட்டியப்பன் இருக்கிறான். கதை கொலையில் முடிகிறது. இதை வைத்துக்கொண்டு அவளைத் தண்டித்து ஒரு நீதிக்கதையும் எழுதலாம், அவளுக்காக வாதாடி ஒரு சீர்திருத்தக் கதையும் எழுதலாம். ஷண்முகசுந்தரம் இரண்டையும் செய்யவில்லை. அந்த அடக்கம் பேச்சுமொழியின் கவர்ச்சி அடங்கிய பிறகுதான், அதாவது இரண்டாம் வாசிப்பில்தான், தெரியவருகிறது.

மறுவாசிப்பைத் தவிர வேறு சோதனையில் எனக்கு நம்பிக்கையில்லை. அவிநாசியில் சுந்தரர் பாடி முதலை வாயிலிருந்து மீட்ட பிள்ளை, விழுங்கப்பட்ட வயசில் வெளியே வரவில்லை, இடையில் கழிந்த வருஷங்களின் வளர்த்தியோடு வந்தான் என்பது எங்கள் ஸ்தலக் கதை. படித்து மறந்த புஸ்தகமும் அப்படித் திரும்பி வருவதுண்டு. வராதவையே அதிகம்.

சோமனூரில் 1935ல் பிறந்த ஞானியை இந்த இடத்தில் சொல்லாமல் முடியாது. தமிழாசிரியர், மார்க்சியர், 'வானம்பாடி' காலத்து மனிதர். அவருடைய முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. கவிதையில் கருத்தை அவர் சற்றுச் சீக்கிரமாகவே தேடிப் போய்விடுவார். ஆனால் தன் கட்சிக்காரர்கள் நசிவு என்று ஒதுக்கியவற்றையும் அவர் படித்தார். 'நிகழ்' பத்திரிகையில் தனக்கு ஒவ்வாத எழுத்துக்கும் இடம் கொடுத்தார். பார்வை போன பிறகு, 2020ல் இறக்கும்வரை, பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். காதால் படிக்கிறவன் நம்மைப்போலப் பக்கங்களைக் கண்ணால் மேய்ந்து தாண்டிப் போக முடியாது. இன்னொருவர் குரலின் வேகத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். சோம்பலான வாக்கியம் கண்ணை ஏமாற்றும் அளவுக்குக் காதை ஏமாற்றுவதில்லை. நல்ல பார்வை உள்ளவர்களும் மாதம் ஒரு கதையை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

நேரமில்லை என்ற பேச்சு இருக்கிறது. பீஸ் ரேட்டில் உழைக்கிறவன் அதைச் சொன்னால் மறுக்க எனக்கு வாயில்லை. கல்லூரி ஆசிரியர்கள் சொல்வதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் ஷண்முகசுந்தரம் மொழிபெயர்த்த 'பதேர் பாஞ்சாலி'யை ராத்திரிக்குச் சில பக்கங்களாகப் படித்து முடித்தார். பிறகு 'நாகம்மா'ளுக்கு வந்தார். அவர் பட்டியல் எதையும் பார்த்தவரில்லை. முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, மணியகாரரு தூண்டி உடலீன்னா அந்தம்மா பங்கு கேட்டிருக்குமுங்களா?"

நாவலைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி இதுதான். நாகம்மாளின் ஆசை அவளுடையதா, மற்றவர்கள் தங்கள் பகைக்கு அவளைக் கருவியாக்கினார்களா? கருவி என்றால் நாவல் சிறுத்துப்போகிறது. அவள் நடையிலும் பேச்சிலும் ஆரம்பத்திலேயே தெரியும் அதிகார தாகத்தை நான் எடுத்துச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை, ஆசை இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்டுவிடுகிறார்களா என்றார். ஆர்டர் நெருக்கடி ஓய்ந்ததும் மறுபடி படித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.