அது வேஸ்ட் ஃபவுல் இல்லை

எதிரணி பந்தைத் தட்டிக்கொண்டு சென்டர் லைனைத் தாண்டுகிறது. நம் பாயிண்ட் கார்டு குறுக்கே போய்ப் பந்துக்குக் கை நீட்டுகிறார். மணிக்கட்டில் படுகிறது, விசில். கூடை இன்னும் பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது. யாரும் ஷாட் போடப்போவதில்லை, யாரும் அவரைக் கடந்து ஓடவும் இல்லை. ஆனாலும் பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கின் மேல் வரிசையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: "வேஸ்ட் ஃபவுல்டா! கால் போச்சு, உட்கார வை அவனை!"

நான் சொல்லும் ஆள் யாரென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், முப்பத்தைந்தை நெருங்குகிறார், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குச் சங்கடம், எனக்கு ரசிகர் மன்றத் தலைவர் பட்டம். ஏற்கெனவே ரிச்சர்ட்ஸ் பார்க்கில் காலை நடை வருகிற பெரியவர்கள் நான் கண்டோன்மென்ட் பக்கம் சாய்வதாகச் சொல்கிறார்கள். சாய்கிறேன்தான், மல்லேஸ்வரத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஆனால் இந்த ஃபவுல் விஷயத்தில் நான் சாய்ந்து பேசவில்லை. ஆட்ட விதியைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

முதலில் டைம்அவுட் கணக்கு. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி முதல் பாதியில் ஒரு அணிக்கு இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அதைக் கேட்கும் உரிமை பயிற்சியாளருக்கும் முதல் உதவிப் பயிற்சியாளருக்கும் மட்டுமே. அமெரிக்க என்பிஏவில் ஆட்டக்காரரே கையால் 'டி' காட்டி வாங்கிவிடலாம். அதை டிவியில் பார்த்து வளர்ந்த பையன்கள் இங்கேயும் முடியும் என்று நினைக்கிறார்கள். முடியாது. கேட்ட டைம்அவுட் கிடைப்பதற்கும் ஆள் மாற்றுவதற்கும் பந்து நிற்க வேண்டும். நம்மீது கூடை விழுந்தால் நம் பயிற்சியாளர் டைம்அவுட் கேட்கலாம், ஆனால் டைம்அவுட்டைச் செலவழிக்காமல் ஆள் மாற்ற முடியாது. கடைசிக் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் அந்தச் சலுகை.

இப்போது களத்தைப் பாருங்கள். எதிரணி ஒரே பிக் அண்ட் ரோலை மூன்றாவது முறையாக ஓட்டுகிறது. நம் உயரமான சென்டர் ஒவ்வொரு முறையும் வெளியே இழுபட்டுப் போகிறார், கூடைக்கு அடியில் காலி. பெஞ்சிலிருந்து கத்துகிறார்கள், அந்த அரங்கத்து இரைச்சலில் ஒன்றும் கேட்காது. மாற்று ஆட்டக்காரர் ஸ்கோரர் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி விசிலுக்குக் காத்திருக்கிறார். விசில் வரவில்லை. முதல் குவார்ட்டரிலேயே ஒரு டைம்அவுட் போய்விட்டது. இந்த நிலைமையில் ஆட்டத்தை நிறுத்தக்கூடியவர் களத்தில் இருக்கிற ஐந்து பேரில் ஒருவர்தான். அவர் நிறுத்துகிறார். அதைத்தான் மேல் வரிசை வேஸ்ட் என்கிறது.

விசில் ஊதியதும் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ரெஃப்ரியிடம் வாதாடுவதில்லை. கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு, பின்னோக்கியே நடந்து சென்டரிடம் போய், ஜெர்ஸியால் வாயைத் துடைக்கிற சாக்கில் இரண்டு வார்த்தை சொல்கிறார். அதற்குள் பெஞ்சிலிருந்து ஒருவர் உள்ளே வந்திருப்பார். ஆட்டம் மறுபடி தொடங்கும்போது சென்டர் வெளியே வருவதில்லை. அதே பிக் அண்ட் ரோல் வருகிறது, போக வழியில்லாமல் பந்து மூலைக்குப் போகிறது, கஷ்டமான ஷாட், ரிபவுண்ட் நமக்கு. இந்த ரிபவுண்டுக்குக் கை தட்டுகிறவர்கள் பதினைந்து விநாடிக்கு முன்னால் நடந்த ஃபவுலை மறந்துவிடுகிறார்கள்.

"ஃபவுல் அடித்தால் அவர்களுக்கு நேரம் கூடுமே?" இந்தக் கேள்வியைப் பார்க் பெஞ்சில் ஒரு பழைய ஆட்டக்காரர் என்னிடம் கேட்டார், நல்ல கேள்வி. அவர் ஆடிய காலத்தில் அது உண்மை. தடுக்கிற அணி ஃபவுல் செய்தால் ஷாட் கிளாக் முழுசாகத் திரும்பிவிடும். 2000 வரை 30 விநாடி, அதன்பின் 24. எதிராளிக்குப் புது வாழ்வு கொடுத்த மாதிரி. அந்தத் தலைமுறைப் பயிற்சியாளர்கள் இந்த ஃபவுலுக்குப் பையன்களை மைதானம் சுற்றி ஓட விட்டார்கள், சரியாகவே செய்தார்கள். ஆனால் 2010-இல் கணக்கு மாறியது. எதிரணியின் தாக்குதல் பாதியில் ஃபவுல் நடந்து, கடிகாரத்தில் 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் விட்ட இடத்திலிருந்தே ஓடும். 13 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் 14-க்கு ஏறும். விதி மாறி இத்தனை வருஷமாகியும் கூட்டத்தின் காது மட்டும் பழைய விதியிலேயே நிற்கிறது. வேஸ்ட் ஃபவுல் என்ற தீர்ப்பின் வயது அது.

நம்மவர் எங்கே, எப்போது அடிக்கிறார் என்று இனிமேலாவது பாருங்கள். சென்டர் லைனுக்கு அந்தப் பக்கம் அடிப்பதில்லை, அங்கே அடித்தால் 24 முழுசாகத் திரும்பும். கோட்டைத் தாண்டிய உடனே அடிக்கிறார், கடிகாரம் 14-க்குக் கீழே இறங்குவதற்குள். எட்டு விநாடிக்குள் பந்து கோட்டைத் தாண்டியாக வேண்டும், அதாவது கடைசிபட்சம் கடிகாரத்தில் 16 இருக்கும்போது. ஆக அவருக்குக் கிடைக்கிற ஜன்னல் சில விநாடிதான். எதிராளி ஃபாஸ்ட் பிரேக்கில் ஓடும்போது தொடுவதில்லை. ஓட்டத்தை நிறுத்துவதற்காக மட்டுமே செய்கிற தேவையில்லாத இடிப்பு இன்று அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோவும் போய்ப் பந்தும் அவர்களிடமே போகும். வேகம் தணிந்த பிறகு, பந்தைக் குறிவைத்துத்தான் கை போகிறது. கால் போனவர் செய்கிற வேலையா இது?

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு குவார்ட்டரில் அணிக்கு நான்கு ஃபவுல் வரை ஷாட் போடாத ஆளுக்கு ஃப்ரீ த்ரோ கிடையாது, ஐந்தாவதிலிருந்துதான் தண்டனை. குவார்ட்டர் முடிந்தால் கணக்கு அழிந்துவிடும். டிசம்பர் 31-க்குள் எடுக்காத கேஷுவல் லீவ் மாதிரி, செலவழிக்காத ஃபவுல் அடுத்த குவார்ட்டருக்கு வராது. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அணிக் கணக்கு அழிந்தாலும் தனி ஆள் கணக்கு அழியாது, ஐந்தாவது ஃபவுலோடு வெளியேற வேண்டியதுதான். நான்காம் குவார்ட்டரில் அவர் தேவைப்படுகிற நேரத்தில் நான்கு ஃபவுலோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தடுத்ததையும் பார்த்திருக்கிறேன். எதிரணியின் இளம் கார்டு அதை மோப்பம் பிடித்து நேராக அவர் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். அது நிஜமான பலவீனம். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். திட்ட வேண்டிய இடத்தில் அமைதியாக இருந்துவிட்டு, கை தட்ட வேண்டிய இடத்தில் கூச்சல் போடுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அவர் ஷூவைக் கழற்றப்போகிறார் என்று எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பயிற்சியாளர் ஆவார் என்கிறார்கள், ஏதோ பணி ஓய்வுக்குப் பிறகு பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரப் போவது போன்ற தொனியில். என் கட்சி வேறு. அவர் பயிற்சியாளராகி ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது. ஜெர்ஸி போட்டிருப்பதால் யாருக்கும் தெரியவில்லை.

விதிப் புத்தகத்திலேயே இதற்கு ஓரிடம் உண்டு. பயிற்சியாளர் இல்லாமல் போய், உதவிப் பயிற்சியாளரும் இல்லையென்றால் கேப்டனே ஆடிக்கொண்டு பயிற்சியாளர் வேலையும் பார்க்கலாம். என்பிஏவில் 1966-இல் அப்படிப் பொறுப்பேற்ற ஒருவர் ஆடிக்கொண்டே 1968, 1969 இரண்டு வருஷமும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1978-79 சீசனுக்குப் பிறகு அங்கே அந்த ஜாதியே இல்லை; சம்பள உச்சவரம்பு வந்தபோது விதியும் கதவை மூடிவிட்டது. சிறந்த ஆட்டக்காரன் நல்ல பயிற்சியாளனாக மாட்டான் என்று நம் ஆட்கள் சொல்லும் பழமொழிக்கு இது பதில் ஆகாதுதான், எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி உண்டு. இந்த ஆட்டத்தை 1891-இல் கண்டுபிடித்த நெய்ஸ்மித் ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தபோது 55 வெற்றி, 60 தோல்வி. ஆட்டத்தை உண்டாக்கியவருக்கே அந்தக் கதி. ஆக, எவ்வளவு நன்றாக ஆடினான் என்பது கேள்வியே இல்லை. ஆடும்போது எதை முடிவு செய்தான் என்று பார்க்க வேண்டும். இருபத்தைந்து பாயிண்ட் போடுகிறவன் தன் ஷாட்டை முடிவு செய்கிறான். இவர் மற்ற நான்கு பேர் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறார்.

நம் ஊரில் அந்தப் பாதை எப்படி என்பதையும் பார்த்துவிடுவோம். தொழில்முறை ஆட்டக்காரர் என்று இங்கே நாம் சொல்வது பெரும்பாலும் வங்கி, ரயில்வே, வருமான வரி, சுங்கத்துறை என்று ஏதோ ஒன்றில் சம்பளம் வாங்குகிறவரை. மாலையில் களம், காலையில் மேஜை. ஆட்டம் முடிந்தால் முழு நாளும் மேஜை. பயிற்சியாளராக வேண்டும் என்றால் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஓராண்டு டிப்ளமா, அதற்கு ஒரு வருஷம் குடும்பத்தை விட்டுப் போக வேண்டும், அலுவலகம் விடுப்புக் கொடுக்க வேண்டும். முடியாதவர்கள் ஆறு வாரச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதற்கு நடுவில் நாற்காலிகளே குறைகின்றன. 2017-க்கும் 2020-க்கும் இடையில் கர்நாடகத்தில் பிறந்த நான்கு வங்கிகள் வேறு வங்கிகளோடு கரைந்துபோயின. வங்கி குறைந்தால் அதன் விளையாட்டு ஒதுக்கீடும் எத்தனை நாள் தாங்கும் என்பது என் கவலை. கூடைப்பந்து ஆடி ஒரு சம்பளம் வாங்கலாம் என்று கண்டோன்மென்ட் வீடுகளில் அப்பாக்கள் நம்பிய காலத்தின் கடைசி வரிசையில் இவர் நிற்கிறார்.

சரி, கணிப்புக்கு வருகிறேன். தவறினால் அடுத்த வருஷம் பார்க்கில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் சீசனில் அவர் தோற்பார். நிறையவே தோற்பார். ஆட்டத்தில் கோணல் தெரிந்த உடனே கையால் நிறுத்திப் பழகியவர் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தக் கை இருக்காது. ஆகவே முதல் பாதியின் இரண்டு டைம்அவுட்டையும் முதல் குவார்ட்டரிலேயே தீர்த்துவிடுவார். இரண்டாவது குவார்ட்டரில் கோட்டோரம் நின்று கத்துவார், ரெஃப்ரி ஒரு டெக்னிகல் ஃபவுல் கொடுப்பார், மேல் வரிசை அதற்கும் ஏதாவது சொல்லும். இரண்டாவது சீசனில் தன்னுடைய வித்தையைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் அதைத் தப்பாகவே செய்வார்கள். கடிகாரத்தில் 11 இருக்கும்போது அடித்து எதிராளிக்கு மூன்று விநாடி தானம் செய்வார்கள், அணியின் நான்கு ஃபவுலும் தீர்ந்தது தெரியாமல் ஐந்தாவதை அடித்து ஃப்ரீ த்ரோ கொடுப்பார்கள். "வேஸ்ட் ஃபவுல்" என்று அப்போது கத்தினால் அது நியாயம்.

மூன்றாவது சீசனில், பதினாறு பதினேழு வயசில் ஒரு கார்டு கிடைப்பான். உயரம் போதாதவனாக இருப்பான், ஷாட்டும் சுமார்தான். எல்லா அணியும் தள்ளிவிட்ட பையன். ஆனால் பந்து சென்டர் லைனைத் தாண்டும்போது அவன் கண் பந்தைப் பார்க்காது, ஷாட் கிளாக்கைப் பார்க்கும். அவனைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு நம் ஆளை நிறுத்துவது கஷ்டம்.

அதனால் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஓய்வு அறிவித்ததும் மாலை போட்டு, மரியாதைக்காக சீனியர் அணியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே ஒரு சீசன் தோற்றால் அடுத்த சீசனுக்கு ஆள் மாற்றிவிடுவீர்கள், அவரும் மேஜைக்கே திரும்பிவிடுவார். பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியைக் கொடுங்கள். மூன்று வருஷம் கேள்வி கேட்காமல் விடுங்கள். பாட்டியாலா போக விடுப்பு கேட்டு மனுப் போட்டால், அந்தக் காகிதத்தில் முதல் நாளே கையெழுத்துப் போடுங்கள்.