லின் ஏறாத ரயில்

ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) ஒரு சிறுமி வளரும் கதை என்று பொதுவாகச் சொல்வார்கள். பத்து வயது சிஹிரோ, தெய்வங்களும் ஆவிகளும் குளிக்க வரும் மாளிகையில் வேலை செய்து, பன்றிகளாகிவிட்ட தன் பெற்றோரை மீட்டுத் திரும்புகிறாள். அவளைக் காப்பாற்றி மணமுடிக்க எந்த இளவரசனும் வரவில்லை. அந்த ஒன்றுக்காகவே நம் பெண்பிள்ளைகள் இதைப் பார்க்கவேண்டும். ஆனால் பெர்லினில் தங்கக் கரடியும் 2003இல் ஆஸ்கரும் வாங்கிய இந்தப் படம், திருவாமாத்தூரில் உட்கார்ந்து பார்த்த எனக்கு ஒரு வேலை ஒப்பந்தத்தின் கதையாகவே பட்டது.

முதலாளி யுபாபா நீட்டும் தாளில் சிஹிரோ தன் முழுப்பெயரை எழுதுகிறாள். எழுத்துகள் தாளைவிட்டு எழும்பி யுபாபாவின் கைக்குள் போய்விடுகின்றன. மிஞ்சுவது ‘சென்’. ஜப்பானிய மொழியில் அதற்கு ஆயிரம் என்று பொருள். பெயர் போய் எண் வருகிறது. சொந்தப் பெயரை மறந்தவர் வீடு திரும்ப முடியாது என்பது அந்த உலகத்தின் விதி.

எங்கள் தெருவில் வாழவந்த பெண்களைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்: வளவனூரா, கண்டாச்சிபுரத்தா. பிறகு பிள்ளையின் பெயரோடு ‘அம்மா’ சேரும். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் ஒரு நொடி யோசித்துச் சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். இதைச் செய்ய மந்திரக்காரி தேவைப்படவில்லை. அன்பாகக் கூப்பிட்டே செய்துவிடுகிறோம்.

ஒப்பந்தமும் நமக்குப் புதிதல்ல. ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்து, பதின்வயதுப் பெண்களை மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கு அழைத்துப்போனார்கள். ஆலை விடுதியிலேயே தங்கவேண்டும். மூன்றாண்டு முடித்தால்தான் மொத்தப் பணம் கைக்கு வரும். அந்தப் பணமும் கல்யாணச் செலவுக்கு என்றே பேசப்பட்டது. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. குடும்பத்தின் பாரத்தைப் பெண்பிள்ளை உழைத்துத் தீர்க்கவேண்டும் என்பதில் யுபாபாவின் மாளிகையும் நம் ஆலைகளும் ஒன்றுதான்.

அதனால் என் கண் சிஹிரோவைவிட லின் மேல்தான் நின்றது. லின் அங்கே வேலை செய்யும் மூத்த பெண். சிடுசிடுப்பாள், ஆனால் சிஹிரோவுக்கு உடுப்பு தேடித் தருவாள், வேலை பழக்குவாள், தின்பண்டம் கொண்டுவந்து பகிர்வாள். ஓரிரவு தூரத்து ரயிலைப் பார்த்து, ஒருநாள் நானும் இங்கிருந்து போய்விடுவேன் என்கிறாள். பின்னர் தொட்டியில் உட்காரவைத்துத் துடுப்புப் போட்டு, தண்ணீர் நடுவே ரயிலடிவரை சிஹிரோவைக் கொண்டுபோய் விடுவதும் அவளே. பயணச்சீட்டு சிஹிரோவிடம் இருக்கிறது. லின் வேலைக்குத் திரும்புகிறாள்.

கடைசியில் சிஹிரோவின் ஒப்பந்தம் மட்டும் அழிகிறது. லின்னுடையது என்ன ஆனது என்று படம் சொல்வதில்லை. துணிச்சலுள்ள ஒருத்தி தப்பித்தால் போதும் என்று கதைகள் நம்மைச் சமாதானப்படுத்துகின்றன. சிஹிரோவின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவளுக்கு ஓர் ஆண்டு, இரண்டாண்டு முன்னால் வந்து, வேலை பழகி, இன்னொருத்தியை வழியனுப்பிவிட்டு நிற்பவளைப் பற்றியும் கேட்கிறேன். இந்தப் படத்தை மாணவிகளோடு பார்ப்பவர்கள் அந்தக் கேள்வியையும் அவர்களிடம் விட்டுவாருங்கள்: லின்னுக்குச் சீட்டு யார் எடுப்பது?