பால்டிமோர்: துறை ஓங்கியும் நகர் ஓங்காமை

பால்டிமோரை எடைபோடுவோரில் துறைமுகக் கணக்கை மட்டும் புரட்டுபவர் வெற்றி என்கிறார். மக்கள்தொகைக் கணக்கை மட்டும் பார்ப்பவர் வீழ்ச்சி என்கிறார். இரண்டுக்கும் சான்று உண்டு. 2023-இல் 8,47,158 கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் இத்துறைவழி சென்றன. அவ்வாண்டு வேறெந்த அமெரிக்கத் துறைமுகமும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. நகரின் மக்கள்தொகையோ 1950-இல் 9,49,708, 2020-இல் 5,85,708. இவ்விரண்டுக்கும் சராசரி காண்பது திறனாய்வு ஆகாது. துறையும் நகரும் எங்கே பிரிந்தன என்று தேடுவதே முறை.

நிறையிலிருந்து தொடங்குவோம். கடலிலிருந்து செசபீக் விரிகுடாவில் ஏறக்குறைய 12 மணி நேரம் உள்ளே வந்த பிறகே கப்பல் பால்டிமோரை அடைகிறது. மாலுமிக்கு இது சுற்று. உள்நாட்டு வணிகனுக்கோ அத்தனை தொலைவு மிச்சம். 1825-இல் ஈரி கால்வாய் மேற்கத்திய வணிகத்தை நியூயார்க் பக்கம் திருப்பியபோது, பால்டிமோர் வணிகர்கள் அதே ஆயுதத்தை எடுக்கவில்லை. மலைத்தொடர் குறுக்கே நின்ற இடத்தில் ரயிலை நம்பினார்கள். பால்டிமோர் - ஒஹாயோ ரயில்பாதைக்கு 1827-இல் உரிமம் கிடைத்தது. மறு ஆண்டே பணி தொடங்கியது. அன்று அது சோதிக்கப்படாத தொழில்நுட்பம். கண்டெய்னர் யுகத்திலும் அதே தருக்கம்தான்: பெரிய துறைகளோடு கண்டெய்னரில் மட்டும் மோதாமல், கார்களையும் பண்ணை இயந்திரங்களையும் தனக்குரியதாக்கிக்கொண்டது இத்துறை. இருநூறு ஆண்டுகள் இடம் மாறாத ஒரு கொள்கை இது. இந்த ஒருமை அரிய சாதனை.

குறையும் அதே வரலாற்றுக்குள்தான் இருக்கிறது. ஃபெல்ஸ் பாயின்ட் கப்பல் பட்டறைகளில் பலகை இடுக்குகளில் நார் திணித்துக் கலப்பற்று அடித்தவர்களில் அப்போது அடிமையாயிருந்து பின்னர் அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரெடரிக் டக்ளஸும் ஒருவர்; அவர் கூலி எசமானருக்குப் போயிற்று. 1865-இல் வெள்ளைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் கறுப்பினத்தவரைப் பட்டறைகளிலிருந்து விரட்டியது. ஐசக் மையர்ஸ் முதலான கறுப்பினத்தவர் பங்கு திரட்டிச் சொந்தப் பட்டறை கண்டார்கள். 1884-க்கு மேல் அது நீடிக்கவில்லை. 1910-இல் நகரமே இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்துச் சட்டம் இயற்றியது. 1917-இல் உச்ச நீதிமன்றம், வேறொரு நகரின் வழக்கில், இத்தகைய சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. வீதிகள் பிரிந்தே கிடந்தன.

துறையும் நகரும் பிரிந்ததற்கு எஃகு மறுக்க முடியாத சான்று. ஸ்பாரோஸ் பாயின்ட் ஆலை 1950-களின் இறுதியில் உலகிலேயே பெரியது. ஏறத்தாழ 30,000 பேர் அங்கே உழைத்தார்கள். ஆனால் ஆலை நின்றது நகர எல்லைக்கு வெளியே. 1918-க்குப் பிறகு அந்த எல்லை விரியவே இல்லை. உழைப்பில் ஒரு பகுதி நகரிலிருந்து போயிற்று. ஆலையின் சொத்துவரி பக்கத்து மாவட்டத்தில் தங்கிற்று. பிரிவின் எலும்புக்கூடு இதுதான்.

1980-இல் திறந்த ஹார்பர்பிளேஸ் என்ற கடை வளாகத்தை இதே துலாக்கோலில் வைக்க வேண்டும். பாழடைந்த கப்பல்துறையை மக்கள் கூடும் இடமாக்கியது மெய்யான வெற்றி. ஆனால் அது கரையை மீட்டதே தவிர, கரையில் இருந்த பிழைப்பை மீட்கவில்லை. ஆலைக் கூலியின் இடத்தைக் கடைக்கூலி நிரப்பாது. 2019-இல் அந்த வளாகமே நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகியின் கைக்குப் போனது.

எதிர்வாதம் வலுவானது: எஃகின் சரிவு அமெரிக்கா முழுவதற்கும் பொது, துறைமுகத்தை நடத்துவதோ மாநில அமைப்பு. பாதியை ஏற்கிறேன். அந்த எஃகு ஆலை பின்னர் மூடப்பட்டதற்கு நகரம் பொறுப்பல்ல. ஆனால் வந்த செல்வம் எந்த வீதியில் தங்கலாம், எதில் தங்கக்கூடாது என்று வகுத்தது இந்நகரின் சொந்தச் சட்டம்.

2024 மார்ச் 26 அதிகாலை, கொழும்பு நோக்கிப் புறப்பட்ட டாலி என்ற கண்டெய்னர் கப்பல் மோதி துறைமுக வாயிலிலிருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழுந்து கப்பல்வழியை அடைத்தது. ஜூன் 10-க்குள் கப்பல்வழி முழு அளவில் திறந்துவிட்டது; பதினொரு வாரத்தில் இதை முடித்தது அரிய பொறியியல் திறன். இறந்த அறுவரும் நள்ளிரவில் பாலத்துச் சாலையின் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த குடியேறிய தொழிலாளர்கள். கலப்பற்று அடித்தவர் காலம் தொட்டு இங்கே ஆபத்து யார் பக்கம், ஆதாயம் யார் பக்கம் என்ற பங்கீடு மாறவில்லை.

ஆகவே தீர்ப்பு: துறைமுகமாகப் பால்டிமோர் முதல் தரம். துறைமுக நகரமாக அது தேறவில்லை. சரக்கைக் கடத்துவதில் காட்டிய அறிவை அதன் பயனைப் பகிர்வதில் காட்டும்வரை, முதல் கணக்கைக் கொண்டு இரண்டாவதை ஈடுகட்ட நாம் இசையக் கூடாது.